முத்துகள் ஏன் திரும்பி வருகின்றன? மீள்வருகை: ஓர் எளிய அறிமுகம்

போன வருடம் அக்கா மகளுக்கு 19 வயது நிறைந்தது. எங்கள் வீட்டில் கேக் வெட்டுவது இங்கிலீஷ் தேதிக்கு, கோயிலில் அர்ச்சனை நட்சத்திரம் வரும் நாளுக்கு. இரண்டுக்கும் நடுவே எப்போதும் சில நாள் இடைவெளி விழும். போன வருடம் இரண்டும் ஒரே நாளில் வந்து நின்றன. "பொறந்த அன்னைக்கு இருந்த மாதிரியே இருக்கு பாரு" என்று அம்மா பஞ்சாங்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

கணக்குப் போட்டால் விஷயம் புரிந்துவிடும். 19 சூரிய ஆண்டுகளுக்குச் சுமார் 6,939.6 நாள். சந்திரன் 235 முறை வளர்ந்து தேய்ந்து முடிக்கச் சுமார் 6,939.7 நாள். வித்தியாசம் இரண்டு மணி நேரம்தான். அதே காலத்தில் நட்சத்திரங்களின் ஊடே சந்திரன் 254 சுற்று முடித்திருக்கும். ஆகவே தேதி, திதி, நட்சத்திரம் மூன்றும் 19 வருடத்துக்கு ஒருமுறை ஏறக்குறைய ஒன்றாக வந்து சேரும். 38, 57 வயதிலும் பார்க்கலாம். சிலருக்கு ஒரு நாள் முன்பின் ஆகும். ஏதென்ஸ் நகரத்து மெட்டன் கி.மு. 432-லேயே இந்த 19 வருடச் சுழற்சியை நாட்காட்டிக்கு முன்வைத்தார்.

ஒரு விஷயம் கவனியுங்கள். சந்திரன் அச்சு அசலாக அதே இடத்துக்கு வரவில்லை. இரண்டு மணி நேரம் பிசகுகிறது. அடுத்த 19 வருடத்தில் நான்கு மணி நேரம் பிசகும். இதைவிட நெருக்கமாக வந்து பொருந்த வேண்டுமென்றால் 334 வருடம் காத்திருக்க வேண்டும். கிளம்பிய இடத்துக்கே துல்லியமாக வருவது ஒன்று. அதன் பக்கத்தில் வருவது வேறொன்று. பக்கத்தில் வருவதைத்தான் கணிதத்தில் மீள்வருகை என்கிறோம். அம்மாவுக்கு இரண்டும் ஒன்றுதான். கணக்குக்கு அப்படியில்லை.

சரி, எதெல்லாம் திரும்பி வரும்? எதெல்லாம் வராது? அதற்கு முதலில் 'இயங்கு அமைப்பு' என்றால் என்னவென்று தெரிய வேண்டும். பெயர்தான் பெரிது. இரண்டே பொருள் போதும்: இந்த நொடியில் எப்படி இருக்கிறது என்று சொல்லும் ஒரு நிலை, அடுத்த நொடியில் எப்படி இருக்கும் என்று சொல்லும் ஒரு விதி. விதி மாறாமல் அப்படியே இருக்க வேண்டும். ஊஞ்சல், கோள்கள், ஒரு டப்பாவுக்குள் அடைத்த காற்று எல்லாமே இதில் அடங்கும். நம் வீட்டுப் பரணில் தூங்கும் பல்லாங்குழியும் அடங்கும். அதிலிருந்தே தொடங்கலாம்.

ஆட்டத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்வோம். மூன்றே குழி, வட்டமாக. குழிக்கு இரண்டு முத்து. ஒரே ஆள் ஆடுகிறார். ஒரு குழியில் உள்ளதை மொத்தமாக அள்ளி, அடுத்தடுத்த குழியில் ஒவ்வொன்றாகப் போட வேண்டும். கடைசி முத்து எந்தக் குழியில் விழுந்ததோ, அந்தக் குழியிலிருந்தே மறுபடி அள்ள வேண்டும். கடைசி முத்து காலிக் குழியில் விழுந்தாலும் அந்த ஒற்றை முத்தை எடுத்து அடுத்த குழியில் போட்டால் ஆட்டம் தொடரும். முத்துகளை வென்று கைக்குள் போட்டுக்கொள்வது இதில் கிடையாது.

முதல் குழியில் தொடங்குவோம். 2, 2, 2 என்று இருந்தது, அள்ளிப் போட்டதும் 0, 3, 3 ஆகும். கை மூன்றாம் குழியில் நிற்கும். அங்கிருக்கும் மூன்றை அள்ளிப் போட்டால் 1, 4, 1. கை மறுபடி மூன்றாம் குழியில்தான். அந்த ஒன்றை எடுத்துப் போட்டால் 2, 4, 0. அப்புறம் 0, 5, 1. அப்புறம் 1, 5, 0. அப்புறம் 0, 6, 0. ஆறு முத்தும் நடுக்குழியில் வந்து குவிந்துவிட்டன! அந்த ஆறையும் அள்ளி இரண்டு சுற்றுப் போடுங்கள்: 2, 2, 2.

ஒருமுறை அள்ளிப் போடுவதை ஓர் ஆட்டம் என்று வைத்துக்கொண்டால், ஏழே ஆட்டத்தில் முத்துகள் பழைய வரிசைக்கு வந்துவிட்டன. ஆனால் கை முதல் குழியில் இல்லை, இரண்டாம் குழியில் இருக்கிறது. நிலை என்பது முத்து வரிசை மட்டுமல்ல, கை எங்கே என்பதும் சேர்த்துத்தான். இன்னும் ஏழு ஆட்டம் ஆடினால் கை மூன்றாம் குழிக்கு வரும். இன்னும் ஏழு ஆடினால் முதல் குழிக்கு. ஆக 21 ஆட்டத்தில் எல்லாமே தொடங்கியபடி. உள்ளங்கையில் புளியங்கொட்டையை வைத்துக்கொண்டு ஆடிப் பாருங்கள். படிப்பதைவிட அது நன்றாக இருக்கும்.

ஏன் திரும்பி வந்தது? முத்துகளுக்குப் பழைய இடம் ஞாபகம் இருக்கிறதா என்ன? இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு இடத்தில் நிதானமாக நின்று படிக்க வேண்டும் என்றால் அது இந்த இடம்தான்.

முதல் காரணம், இடம் பத்தாது. ஆறு முத்து, மூன்று குழி, கை நிற்கும் குழியில் குறைந்தது ஒரு முத்து. இப்படி மொத்தம் 63 நிலைகள்தான் சாத்தியம். ஆடிக்கொண்டே போனால் 64-ஆம் நிலை என்று புதிதாக ஒன்று கிடையாது. ஏற்கெனவே பார்த்த ஏதோ ஒரு நிலைக்கு வந்தே ஆக வேண்டும்.

ஆனால் 'ஏதோ ஒரு நிலை' என்பது 'தொடங்கிய நிலை' ஆகிவிடாது. ஊருக்கு வெளியிலிருந்து ஒரு சாலை வந்து ரிங் ரோட்டில் சேர்கிறது என்று வையுங்கள். சேர்ந்த பிறகு வண்டி ரிங் ரோட்டிலேயே சுற்றிச் சுற்றி வரும். கிளம்பிய வீட்டுக்கு ஒருநாளும் போகாது. நம் முத்துகளும் அப்படி ஒரு வட்டத்தில் சிக்கிக்கொண்டு, 2, 2, 2-ஐ மறந்திருக்கலாமே?

இங்கேதான் இரண்டாம் காரணம் வருகிறது. இந்த ஆட்டத்தைப் பின்னோக்கி ஆட முடியும். கை நிற்கும் குழியில் தொடங்கி, எதிர்த் திசையில் குழிக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டே வாருங்கள். காலியாக இருக்கும் குழி எதிர்ப்பட்டதும் நிறுத்தி, கையில் இருப்பதை எல்லாம் அதில் போடுங்கள். முந்தைய நிலை கிடைத்துவிடும். இதில் சந்தேகத்துக்கே இடமில்லை: ஒவ்வொரு நிலைக்கும் முந்தைய நிலை ஒன்றே ஒன்றுதான். ஆனால் சாலை ரிங் ரோட்டில் சேரும் முக்குக்கு இரண்டு பக்கமிருந்து வரலாம் அல்லவா? அதாவது அந்த நிலைக்கு முந்தைய நிலைகள் இரண்டு. நம் ஆட்டத்தில் அப்படி ஒரு முக்கு இருக்கவே முடியாது. வெளியிலிருந்து வந்து சேரும் சாலையே இல்லையென்றால் மிஞ்சுவது வட்டம் மட்டும். கிளம்பியவர் வட்டத்தில்தான் இருக்கிறார். திரும்பி வந்தே தீருவார்.

அவ்வளவுதான் மீள்வருகையின் அடிப்படை. போக வேறு இடமில்லை. இரண்டு வேறு வழிகள் ஒன்றாகக் கலக்க அனுமதியில்லை. இதில் தலைவிதியும் இல்லை, ஊழும் இல்லை.

இதே தர்க்கம் சீட்டுக்கட்டுக்கும் பொருந்தும். 52 சீட்டைச் சரிபாதியாகப் பிரித்து, ஒன்றுவிட்டு ஒன்றாகப் பிசகாமல் கோத்து, மேல் சீட்டு மேலேயே இருக்கும்படி கலைத்தால், எட்டாவது முறை கட்டு பழைய வரிசைக்கு வந்துவிடும். 52 சீட்டை எத்தனை விதமாக அடுக்கலாம் என்பது 68 இலக்க எண். திரும்பி வர எட்டு முறை போதும். (ரம்மி ஆடும் நண்பர்கள் பயப்பட வேண்டாம், நம் கை அவ்வளவு சுத்தமாகக் கலைக்காது.)

உண்மையான பல்லாங்குழி ஆட்டத்தில் நிலைமை வேறு. காலிக் குழியைத் தடவிவிட்டு அதற்கடுத்த குழி முத்துகளை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொள்வார்கள். பலகையில் முத்து குறையும். குறைந்த பிறகு அவை எந்தக் குழியில் இருந்தன என்று பலகையைப் பார்த்துச் சொல்ல முடியாது. பின்னோக்கி ஆட வழியில்லை; பழைய நிலைக்கும் திரும்பாது. காற்றும் உராய்வும் ஊஞ்சலுக்குச் செய்வது இதைத்தான். எவ்வளவு வேகமாகத் தள்ளிவிட்டாலும் ஊஞ்சல் கடைசியில் ஒரே இடத்தில் தொங்கி நிற்கும். வெவ்வேறு தொடக்கங்கள் எல்லாம் ஒரே முடிவில் போய்ச் சேர்கின்றன, ரிங் ரோட்டில் சேரும் சாலைகள் மாதிரி. மீள்வருகை அங்கே கிடையாது. இன்னொரு பக்கம், 1977-இல் கிளம்பிய வாயேஜர் விண்கலங்களும் திரும்பி வராது. அவற்றுக்குப் போக இடம் தாராளமாக இருக்கிறது.

குழியும் முத்தும் எண்ணக்கூடியவை. கோள்களின் இருப்பிடம் அப்படியல்ல. இரண்டு புள்ளிக்கு நடுவே இன்னும் எத்தனையோ புள்ளி. 63 நிலை என்று எண்ணி முடிக்க முடியாத இடத்தில் என்ன செய்வது? இந்தக் கேள்விக்கு விடை சொன்னவர் பிரெஞ்சுக் கணித அறிஞர் ஆன்ரி புவான்கரே.

சுவீடன், நார்வே இரண்டுக்கும் மன்னராக இருந்த இரண்டாம் ஆஸ்கரின் 60-ஆம் பிறந்தநாளையொட்டி ஒரு கணிதப் போட்டி நடந்தது. சூரியக் குடும்பம் போலப் பல பொருள்கள் ஒன்றையொன்று ஈர்க்கும்போது அவற்றின் பாதையைக் கணிப்பது கேள்விகளில் ஒன்று. 1889-இல் பரிசு புவான்கரேக்குக் கிடைத்தது. கட்டுரை அச்சாகும் கட்டத்தில், பதிப்புக்கு உதவிய ஃபிராக்மேன் என்ற இளைஞர் சில இடங்கள் புரியவில்லை என்று கேட்கப்போக, அதைச் சரிபார்க்கும்போது புவான்கரே தன் கட்டுரையில் பெரிய தவறு ஒன்றைக் கண்டுபிடித்தார். அச்சடித்த பிரதிகளைத் திரும்பப் பெற்று, திருத்தி எழுதி, மறு அச்சுச் செலவையும் அவரே ஏற்க வேண்டியிருந்தது. பரிசுத் தொகை 2,500 குரோனர்; அச்சுச் செலவு 3,500-ஐத் தாண்டியது. கைநஷ்டம்தான். ஆனால் அந்தத் தவறைத் திருத்தப் போனதில்தான், இன்று ஒழுங்கின்மைக் கோட்பாடு (கேயாஸ் தியரி) என்று சொல்கிறோமே, அதன் முதல் கீற்று தென்பட்டது. 1890-இல் வெளிவந்த அந்தக் கட்டுரையில்தான் மீள்வருகைத் தேற்றமும் இருக்கிறது.

அவருடைய வாதத்தை மையை வைத்துச் சொல்லலாம். எல்லா நிலைகளையும் புள்ளிகளாக வைத்து ஒரு வெளியைக் கற்பனை செய்யுங்கள். அதற்கு நிலைவெளி என்று பெயர். அதன் மொத்தக் கொள்ளளவுக்கு ஓர் எல்லை உண்டு. அதில் நூறில் ஒரு பங்கு இடத்துக்கு மையால் நிறம் பூசுகிறோம். விதி நகர்த்த நகர்த்த அந்த மைத்திட்டு நீளும், நெளியும், நூலாய் இழையும். ஆனால் அதன் கொள்ளளவு மட்டும் கூடாது, குறையாது. உராய்வில்லாத இயக்கங்களில் இது அப்படித்தான் நடக்கும் என்பதற்கு லியூவில் என்பவரின் தேற்றம் உறுதி தருகிறது.

முதலில் பூசிய திட்டு, ஒரு நொடி கழித்து அது இருக்கும் இடம், இரண்டு நொடி கழித்து இருக்கும் இடம் என்று 101 திட்டுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் நூறில் ஒரு பங்கு. மொத்த இடத்தில் நூறுதான் கொள்ளும். 101 எப்படி ஒன்றையொன்று தொடாமல் இருக்கும்? எங்கோ இரண்டு திட்டு ஒன்றன்மேல் ஒன்று விழுந்தே ஆக வேண்டும். 37-ஆம் நொடித் திட்டும் 80-ஆம் நொடித் திட்டும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் 37 நொடி பின்னோக்கி ஓட்டுங்கள். முதல் திட்டும் 43-ஆம் நொடித் திட்டும் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும். அதாவது முதல் திட்டிலிருந்து கிளம்பிய சில புள்ளிகள் 43 நொடியில் அதே திட்டுக்குள் வந்துவிட்டன.

சில புள்ளிகள்தானே, மற்றவை? திட்டில் இருந்து கிளம்பி ஒருநாளும் திரும்பாத புள்ளிகளை மட்டும் பொறுக்கி ஒரு குட்டித் திட்டாக வைப்போம். அதற்குக் கொஞ்சமாவது கொள்ளளவு இருந்தால், மேலே சொன்ன அதே வாதம் அதற்கும் பொருந்தி, அதில் சில புள்ளிகள் திரும்பியாக வேண்டும். திரும்பாதவற்றைத்தானே பொறுக்கினோம்? ஆகவே அந்தக் குட்டித் திட்டின் கொள்ளளவு சுழியம். சில விதிவிலக்கான புள்ளிகள் திரும்பாமல் போகலாம். அவற்றுக்கு இடமென்று எதுவும் இல்லை. உராய்வில்லாத ஊசலைச் சரியாக உச்சியில் போய் நிற்கும் அளவுக்குத் தள்ளிவிட்டால் அது உச்சியை நெருங்கிக்கொண்டே இருக்கும், திரும்பி வராது. ஆனால் அந்த வேகம் இம்மி பிசகினாலும் போயிற்று.

கவனியுங்கள், புவான்கரே 'அதே புள்ளிக்கு' என்று சொல்லவில்லை. 'அதே திட்டுக்குள்' என்றுதான் சொன்னார். திட்டை எவ்வளவு சிறிதாகவும் எடுத்துக்கொள்ளலாம். சிறிதாக எடுத்தால் காத்திருப்பு நீளும். எவ்வளவு நீளும் என்பதற்கு 1947-இல் மார்க் காட்ஸ் ஓர் அழகான விடை தந்தார்: இயக்கம் நிலைவெளி முழுவதும் உலவக்கூடியதாக இருந்தால், நூறில் ஒரு பங்கு திட்டுக்குச் சராசரியாக நூறு நொடி, ஆயிரத்தில் ஒரு பங்குக்கு ஆயிரம் நொடி. அறுபதாம் கல்யாணத்துக்குப் பின்னால் இருக்கும் கணக்கையே பாருங்களேன். குரு ஐந்து சுற்று முடிக்க ஏறத்தாழ 59.3 வருடம், சனி இரண்டு சுற்றுக்கு ஏறத்தாழ 58.9. அறுபது என்பது கொஞ்சம் தாராளமாக எடுத்துக்கொண்ட திட்டு. இன்னும் கறாராகக் கேட்டிருந்தால் யாருக்கும் அறுபதாம் கல்யாணம் நடந்திருக்காது.

நிலையைச் சொல்ல எத்தனை எண் வேண்டுமோ, அத்தனை முறை இந்தக் காத்திருப்பு பெருகும் என்பதுதான் விஷயமே. ஒரு எண்ணைப் பத்தில் ஒரு பங்கு துல்லியத்தில் பிடிக்க நினைத்தால் பத்து மடங்கு. இரண்டு எண் என்றால் நூறு மடங்கு. மூன்று என்றால் ஆயிரம். காற்றில் ஒரே ஒரு மூலக்கூறின் இருப்பிடத்தையும் வேகத்தையும் சொல்லவே ஆறு எண் வேண்டும்.

இந்தப் பெருக்கத்தை உணர, பௌல், தத்தியானா எரன்ஃபெஸ்ட் தம்பதி 1907-இல் தந்த ஒரு மாதிரி உதவும். இரண்டு குழி, எண்ணிட்ட முத்துகள் எல்லாம் இடது குழியில். நொடிக்கு ஒருமுறை சீட்டுக் குலுக்கி ஓர் எண்ணை எடுத்து, அந்த முத்தை மறு குழிக்கு மாற்ற வேண்டும். குலுக்கல் இருப்பதால் இது நம் பழைய ஆட்டம் மாதிரி கறாரானது அல்ல; ஆனாலும் எல்லா முத்தும் மறுபடி இடது குழியில் சேரச் சராசரியாக எவ்வளவு நேரம் என்று கணக்கிடலாம். ஒவ்வொரு முத்தைக் கூட்டும்போதும் அது இரட்டிப்பாகிறது. பத்து முத்துக்கு 1,024 நொடி, ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். இருபதுக்கு 10,48,576 நொடி, அதாவது 12 நாள். ஐம்பதுக்குச் சுமார் மூன்றரைக் கோடி வருடம். அறுபதுக்குச் சுமார் 3,650 கோடி வருடம். பிரபஞ்சத்தின் வயதே 1,380 கோடிதான். அறுபது முத்துக்கு இந்தக் கதி என்றால், ஒரு கன சென்டிமீட்டர் காற்றுக்கு? அந்தக் காத்திருப்பை எழுத வேண்டாம். அந்த எண்ணில் எத்தனை இலக்கம் இருக்கிறது என்று எழுதவே 19 இலக்கம் வேண்டும்.

இதை வைத்து 1896-இல் ஒரு சண்டையே நடந்தது. வாயு பரவும், கலக்கும், கலந்தது தானாகப் பிரியாது என்பதை மூலக்கூறுகளின் இயக்கத்திலிருந்து விளக்க லூட்விக் போல்ட்ஸ்மான் முயன்றுகொண்டிருந்தார். மாக்ஸ் பிளாங்கின் உதவியாளராக இருந்த இளைஞர் எர்ன்ஸ்ட் செர்மெலோ குறுக்கே வந்தார். மூலக்கூறுகள் மூடிய பெட்டிக்குள் இயக்கவியல் விதிப்படி ஓடுகின்றன என்றால் புவான்கரே தேற்றம் பொருந்துமே, அப்படியானால் பரவிய வாயு ஒருநாள் மூலைக்குத் திரும்பியாக வேண்டுமே என்றார். போல்ட்ஸ்மான் தேற்றத்தை மறுக்கவில்லை. அதற்கு ஆகும் காலத்தைக் கணக்கிட்டுக் காட்டினார். என் பார்வையில் இருவருமே சரி. தேற்றத்தில் பிழை இல்லை. பூஜை அறையில் பரவிய சாம்பிராணிப் புகை கரண்டிக்குத் திரும்பும் என்று யாரும் காத்திருக்கவும் வேண்டியதில்லை.

அந்தத் தேற்றத்தைச் சாக்காக வைத்து, 'மறுபிறவியை விஞ்ஞானம் நிரூபித்துவிட்டது' என்று வரும் ஃபார்வர்டுகளை மட்டும் நம்ப வேண்டாம். எல்லையுள்ள இடம், மாறாத விதி, சுருங்காத கொள்ளளவு எல்லாம் இருந்தால்தான் தேற்றம் பேசும். மனித வாழ்க்கை இதில் எந்த நிபந்தனையிலும் அடங்காது.

பல்லாங்குழிக்கே திரும்பி வருகிறேன். நம் ஆட்டத்தில் 2, 2, 2 வருவதற்கு ஓர் ஆட்டம் முன்னால் ஆறு முத்தும் ஒரே குழியில் குவிந்திருந்தன. தற்செயல் இல்லை அது. சமமாக இருக்கும் நிலையிலிருந்து பின்னோக்கி ஆடிப் பாருங்கள்: எந்தக் குழியும் காலியாக இல்லாததால் நிறுத்தவே முடியாமல் எல்லாவற்றையும் எடுத்து முடித்துவிடுவீர்கள், எல்லாம் ஒரே குழிக்குத்தான் போகும். சீராகப் பரவியிருப்பது திரும்பி வர வேண்டுமானால், அதற்கு முன் எல்லாம் ஒரு மூலையில் குவிந்தே ஆக வேண்டும். 14 குழி, குழிக்கு ஐந்து முத்து என்று முழுப் பலகையில் இந்த விதிப்படி ஆடினாலும் இது நடக்கும். ஆனால் அங்கே சாத்தியமான நிலைகள் சுமார் 62 கோடி கோடி. நொடிக்கு ஓர் ஆட்டம் என்றால், அத்தனை நிலைகளையும் தொட்டுவிட்டு வர ஏறக்குறைய 20 கோடி வருடம் ஆகும்.

அதனால் நான்கு குழியில், குழிக்கு ஒரே ஒரு முத்தோடு தொடங்குங்கள். பதினோராவது ஆட்டத்தில் நான்கும் முதல் குழியில் வந்து குவியும். பன்னிரண்டாவதில் குழிக்கு ஒன்று, கையும் முதல் குழியில்.